தோற்றம், மறைவு, நடுவில் ஒரு போட்டோ

காவிரி டெல்டாவில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டராவது கண்ணில் படும். தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி, நடுவில் ஒரு முகம், கீழே வருந்துகிறவர்களின் பெயர் வரிசை. அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? பல வீடுகளில் இப்படித்தான் நடக்கும். ராத்திரி உயிர் பிரிகிறது, விடிவதற்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும், தெருப் பையன் ஒருவன் வந்து "தாத்தா போட்டோ ஒண்ணு குடுங்க" என்கிறான். அப்போதுதான் தெரிகிறது, எண்பது வருஷம் வாழ்ந்த மனுஷனுக்குத் தனியாக ஒரு படம் கிடையாது. பேத்தி கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் யாருடைய தோளுக்கோ பின்னால் நிற்கிறார். வாக்காளர் அட்டையில் இருப்பவரை அவருடைய மனைவிக்கே அடையாளம் தெரியாது. கடைசியில் கம்ப்யூட்டர் சென்டர்காரர் கல்யாணப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, தயாராக வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையும் தோள்துண்டும் உள்ள ஓர் உடம்பில் பொருத்திக் கொடுக்கிறார். அதுவே படத்திறப்புக்குப் போகிறது, அப்புறம் கூடத்துச் சுவருக்குப் போகிறது. பத்து வருஷம் கழித்து வீட்டுக் குழந்தைகளுக்குத் தாத்தா என்றால் அந்த முகம்தான், அவர் ஒருநாளும் போடாத சட்டையோடு.

புகைப்படம் வழியாக நினைவையும் மனித இருப்பையும் ஆராய்வது என்று பெரிய வார்த்தைகளில் சொல்கிறார்களே, அதன் கேள்விகள் எல்லாம் இந்த ஒரு போஸ்டருக்குள்ளேயே இருக்கின்றன. எண்பது வருஷத்து முகங்களில் எது அவர்? படத்தில் இருப்பவரும் நாம் ஞாபகம் வைத்திருப்பவரும் ஒருவர்தானா? படமே இல்லாமல் போனவர்கள் என்ன ஆனார்கள்? இதையெல்லாம் கேட்க நல்ல கேமரா தேவையில்லை, கலைப் படிப்பும் தேவையில்லை. வீட்டு அலமாரியில் இருக்கும் ஆல்பம் போதும். ஆனால் ஒரு போட்டோ என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஓவியத்துக்கும் போட்டோவுக்கும் உள்ள வித்தியாசம். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உட்பாதையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அதில் ஓர் இளையவரும் தாடி வைத்த ஒரு பெரியவரும் இருக்கும் படத்தை ராஜராஜனும் அவர் குரு கருவூர்த் தேவரும் என்று காட்டுவார்கள். அது அவர்கள்தானா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. ஓவியர் எதிரே ஆள் இல்லாமலும் வரையலாம், மனசில் இருப்பதை வரையலாம், ஒருவரின் மூக்கையும் இன்னொருவரின் தோளையும் சேர்த்தும் வரையலாம். கேமராவுக்கு அந்த வசதி இல்லை, எதிரில் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். பிலிமில் பூசியிருக்கும் வெள்ளி உப்பின்மேல் வெளிச்சம் பட்டால் அந்த இடம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மாறுகிறது. டெவலப்பர் திரவத்தில் போட்டால் மாறிய இடம் கறுத்த உலோக வெள்ளியாகிறது, வெளிச்சம் படாத உப்பை ஹைப்போ என்ற இன்னொரு திரவம் கரைத்து எடுத்துவிடுகிறது. அச்சிடும் தாளிலும் இதே வேலைதான். அதாவது உங்கள் கொள்ளுப்பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிகிற இடமெல்லாம் பொடிப்பொடியான வெள்ளி. ரொம்பப் பழைய படத்தைச் சாய்த்துப் பிடித்தால் கறுத்த ஓரங்களில் ஒரு பளபளப்பு தெரியும், அது அந்த வெள்ளி மேலே கசிந்து வந்ததுதான்.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று. பாட்டியின் மேல் பட்டுத் தெறித்த வெளிச்சம்தான் பிலிமைத் தொட்டது. எனவே ஒரு போட்டோ முதலில் சொல்வது "இவர் அழகு" என்றோ "இவர் நல்லவர்" என்றோ இல்லை. "இது இருந்தது" என்பதை மட்டும்தான் அது உறுதியாகச் சொல்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் தன் கடைசிக் காலத்தில் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் எழுதினார். அவரிடம் பின்னால் வருகிறேன்.

"இது இருந்தது" என்று சொன்னாலும் இருந்த எல்லாவற்றையும் படம் சொல்லிவிடாது. 1838-ல் பாரிஸில் லூயி டாகேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய தெருவைப் படம் எடுத்தார். வண்டியும் ஜனமும் நிறைந்த தெரு, ஆனால் படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் பதிவாகச் சில நிமிடங்கள் ஆனதால் நடந்தவர்கள், ஓடியவர்கள், வண்டி ஓட்டியவர்கள் எல்லோரும் தடமே இல்லாமல் போய்விட்டார்கள். ஓரத்தில் ஒருவர் மட்டும் காலை நீட்டி பூட்ஸுக்குப் பாலிஷ் போடவைத்துக்கொண்டு அசையாமல் நின்றார், அவர் படத்தில் விழுந்துவிட்டார். போட்டோவில் பதிவான முதல் மனிதர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள். சும்மா நின்றதற்குக் கிடைத்த சாகாவரம்!

நம்ம ஊர்க் கதை இன்னும் சுவாரசியமானது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்தார். 1858-ல் தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை என்று பெரிய கேமராவோடு சுற்றினார். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் இருக்கும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக 21 நெகட்டிவில் எடுத்து, அச்சிட்டு, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருடைய தஞ்சாவூர்ப் படங்களில் கோபுரம் இருக்கிறது, நந்தி இருக்கிறது, கல்லின் ஒவ்வொரு கீறலும் இருக்கிறது, மனுஷர்கள் பெரும்பாலும் இல்லை. அவருக்கு வேண்டியது கட்டடம். அதோடு அந்தக் காலத்துக் காகித நெகட்டிவ் அசைகிற ஆளைச் சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது.

இப்போது அந்தக் கல்வெட்டுகளையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே கோயில் வளாகத்தின் இன்னொரு கல்வெட்டில் ராஜராஜன் கோயில் ஆடல் பணிக்குக் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் வரும் பங்கு ஒன்று, எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருஷம் ஆகியும் நாம் அவர்கள் வீட்டு முகவரியைச் சொல்லலாம். ஒருத்தி முகம்கூடத் தெரியாது. இதற்கு நேர் எதிர்த்திசையில் நம் வீட்டு ஆல்பம். அதில் முகம் இருக்கிறது, புடவையின் கரை இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது, பெயர் இல்லை. "இது யாரு?" என்று கேட்டால் "தெரியலையே, உங்க தாத்தா பக்கத்துச் சொந்தம் போல இருக்கு" என்பார்கள். கல்வெட்டு முகத்தைத் தொலைத்துவிட்டுப் பெயரை வைத்திருக்கிறது, போட்டோ பெயரைத் தொலைத்துவிட்டு முகத்தை வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் போட்டோவை வைத்து நினைவை ஆராய்வது என்பது பெரும்பங்கு இந்த இரண்டாவது இழப்போடு மல்லுக்கட்டுவதுதான்.

சரி, நினைவுக்கு வருவோம்

போட்டோ நினைவைச் சேமிக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். கேமரா கம்பெனிகள் அப்படிச் சொல்லித்தான் விற்றன. ஆனால் மூளையில் நினைவு ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது புதிதாகக் கட்டப்படுகிறது, கதை சொல்லும் பாட்டி ஒவ்வொரு ராத்திரியும் ராஜகுமாரனின் குதிரைக்கு வேறு நிறம் கொடுப்பதுபோல. பாட்டி பொய் சொல்லவில்லை, கதை அப்படித்தான் உயிரோடு இருக்கிறது.

இந்தக் கட்டுமானத்தில் போட்டோ எவ்வளவு தூரம் கை வைக்கும் என்பதற்கு ஒரு பிரபலமான சோதனை உண்டு. நியூசிலாந்தில் கிம்பர்லி வேட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2002-ல் வெளியிட்டது. 20 பேரின் சின்ன வயசுப் படங்களைக் குடும்பத்திடமிருந்து வாங்கி, அதில் ஒன்றை மட்டும் அவர்கள் வெப்பக்காற்று பலூனில் பறப்பதுபோல் மாற்றிவிட்டார்கள். உண்மையில் யாரும் பலூனில் ஏறியதே இல்லை. நிஜப் படங்களோடு இதையும் கலந்து காட்டி, சில நாள் இடைவெளியில் மறுபடி மறுபடி விசாரித்தபோது பாதிப் பேருக்கு அந்தப் பலூன் பயணம் முழுசாகவோ கொஞ்சமாகவோ "ஞாபகம்" வந்துவிட்டது. சிலர் விவரங்களே சொன்னார்கள்.

இது எங்கோ சோதனைச் சாலையில் நடந்தது என்று விட்டுவிட முடியாது. உங்களுக்கு இரண்டு வயதில் வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தியது "நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய சம்பவங்கள் பெரியவர்களான பிறகு பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. அந்த நினைவில் நீங்கள் உங்கள் கண் வழியாகப் பார்க்கிறீர்களா, இல்லை மாமா மடியில் அழுதுகொண்டிருக்கும் ஒரு மொட்டைக் குழந்தையை எதிரே நின்று பார்க்கிறீர்களா? எதிரே நின்று பார்க்கிறீர்கள் என்றால் அது போட்டோகிராபர் நின்ற இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் ஞாபகம் வைத்திருப்பது சம்பவத்தை இல்லை, ஆல்பத்தை. இதனால் அந்த நினைவு போலி என்று தூக்கிப் போட வேண்டியதில்லை. உங்கள் வாழ்க்கையின் முதல் அத்தியாயத்தை எழுதியவர்கள் மாமாவும் போட்டோகிராபரும்தான் என்று தெரிந்துகொள்வதே ஒரு நல்ல தொடக்கம்.

இன்னொரு பக்கம், படம் எடுத்தால் மறந்துபோகும் என்ற பேச்சும் இருக்கிறது. அமெரிக்காவில் லிண்டா ஹெங்கல் என்பவர் ஓர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போய், சில பொருட்களை வெறுமனே பார்க்கவும் சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், முழுசாகப் படம் எடுத்த பொருட்களைப் பற்றிய ஞாபகம் குறைவாக இருந்தது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு கையைக் கழுவிவிட்டது. ஆனால் இந்தச் சோதனையின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. பொருளின் ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு வரவில்லை. அதாவது எதை எடுப்பது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தால் நினைவும் கூடவே வேலை செய்கிறது. நாச்சியார்கோயில் கல் கருடன் புறப்பாட்டைத் தலைக்கு மேல் போனைத் தூக்கிப் பிடித்து எடுக்கிற நூறு பேரைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, வேண்டாம், சொல்லவில்லை. தூக்குகிறவர்களின் தோளை மட்டும் எடுக்கலாம் என்று ஒருத்தருக்குத் தோன்றினால் அவர் அந்த நாளை மறக்க மாட்டார்.

ஸ்டூடியோ என்ற சின்ன நாடகக் கொட்டகை

பழைய ஸ்டூடியோ படங்களைப் பார்த்து "எவ்வளவு செயற்கையா இருக்கு" என்று சிரிக்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கும்பகோணத்திலோ மாயவரத்திலோ அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குப் போவது சாதாரண வேலை இல்லை. குளித்து, பவுடர் பூசி, இருக்கிற ஒரே பட்டுப்புடவையைக் கட்டி, இரவல் கைக்கடிகாரத்தை வெளியே தெரிகிற மாதிரி மடக்கி வைத்துப் போவார்கள். அங்கே ஒரு திரை இருக்கும், அதில் மாடிப்படி, தூண், தூரத்தில் ஏரி. முக்காலியின்மேல் பிளாஸ்டிக் பூ. "அசையாதீங்க, சிரிக்காதீங்க." திரையில் இருந்த மாடிவீடு அவர்களிடம் இல்லை, எதிர்காலத்தில் வரும் என்றும் நிச்சயமில்லை. ஆனாலும் அந்தப் படம் பொய் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுவதில்லை. எப்படி இருந்தோம் என்பது மனித இருப்பில் ஒரு பாதிதான். எப்படித் தெரிய ஆசைப்பட்டோம் என்பது இன்னொரு பாதி, அதை வேறெந்த ஆவணமும் இவ்வளவு துல்லியமாக வைத்திருக்கவில்லை.

பூ தைத்த பெண் கண்ணாடி முன்னால் நிற்கும் படம் ஞாபகம் இருக்கும். வயசுக்கு வந்ததற்கோ வளைகாப்புக்கோ எடுத்தது. பெண் நம்மைப் பார்ப்பாள், பின்னால் கண்ணாடியில் தாழம்பூவும் மல்லிகையும் தைத்த ஜடை தெரியும். ஒரே படத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் வேண்டும் என்று முடிவெடுத்த அந்த ஸ்டூடியோக்காரர்களின் மூளையை நான் மெச்சுகிறேன். அந்தப் பெண் தன் வாழ்நாளில் தன் ஜடையைப் பார்த்தது அந்தப் படத்தில்தான் என்றுகூட இருக்கலாம்.

இந்தப் படங்கள் பயணமும் செய்தன. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆண்கள், அங்கே கோட்டு மாட்டி ஒரு படம் எடுத்து அனுப்புவார்கள். இங்கிருந்து மனைவி குழந்தையோடு ஒரு படம் போகும். அப்பாவை முதன்முதலில் போட்டோவில் பார்த்து, நேரில் வந்தபோது "இவரு யாரு" என்று அழுத பிள்ளைகள் கூத்தாநல்லூர், நாகூர்ப் பக்கம் எத்தனையோ குடும்பக் கதைகளில் உண்டு. அந்தப் பிள்ளைக்கு நிஜ அப்பா யார் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியுமா?

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு நெகட்டிவ்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அப்படிப்பட்ட சேகரிப்புகளைத் தேடிப் போய் டிஜிட்டலாக்கினார்கள். நல்ல வேலை. ஆனால் பெயர் தெரியாத முகத்துக்குப் பெயர் சொல்ல ஆய்வாளரால் முடியாது. அது வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பெரியவர்கள் பயந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல் பார்த்தால், அதில் ஒரு கூர்மையான கவனிப்பு இருக்கிறது. அவர்கள் சுவரில் பார்த்த படங்கள் பெரும்பாலும் செத்தவர்களுடையவை. சிலருக்கு எடுத்த முதல் படமே நாற்காலியில் கட்டி உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பம் நிற்க எடுத்த பிணப்படம்தான். ஆக, படம் என்றால் சாவு என்று அவர்கள் முடிச்சுப் போட்டதில் தப்பு சொல்ல முடியவில்லை.

போனவர்களின் வயசு

ரோலான் பார்த்திடம் வருகிறேன் என்றேன். 1977-ல் அவருடைய அம்மா இறந்துபோனார். வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி அம்மாவைத் தேடினார். எல்லாவற்றிலும் அம்மா இருந்தார், ஆனால் "இவர்தான்" என்று எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு படத்தில் கண்டுபிடித்தார். 1898-ல் எடுத்தது, அம்மாவுக்கு அப்போது 5 வயது. தான் ஒருநாளும் பார்த்திராத ஒரு குழந்தையின் முகத்தில் தன் அம்மாவின் முழு சுபாவமும் தெரிந்தது என்று எழுதினார். அந்தப் படத்தை மட்டும் தன் புத்தகத்தில் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு குழந்தையின் பழைய படம், அவ்வளவுதான் என்பது அவர் சொன்ன காரணம்.

படத்தைப் பார்க்க அவர் ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். ஒரு படத்தில் எல்லோருக்கும் புரிகிற விஷயம் ஒன்று இருக்கும்: இது கல்யாணம், இது 1970 வாக்கில், இவர்கள் வசதியானவர்கள், இப்படி. அதைத் தாண்டி, எடுத்தவர் திட்டமிடாத ஏதோ ஒரு சின்ன விவரம் உங்களை மட்டும் குத்தும். அண்ணனின் சட்டையில் இருக்கும் ஊக்கு, அத்தையின் வெறுங்கழுத்து. அது ஏன் குத்துகிறது என்று கேட்டுக்கொண்டே போனால் நீங்கள் மறந்துபோன ஒன்றுக்குப் போய்ச் சேருவீர்கள். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

காலத்தைப் படத்தில் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திரும்பத் திரும்ப எடுப்பது. அமெரிக்கப் போட்டோகிராபர் நிக்கோலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவளுடைய மூன்று சகோதரிகளையும் 1975-ல் ஆரம்பித்து 2022 வரை வருஷத்துக்கு ஒரு படம், எப்போதும் அதே வரிசையில் நிற்கவைத்து வெளியிட்டார். அடுத்தடுத்த வருஷங்களில் பெரிய மாற்றம் தெரியாது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் பேச்சு வராது. இன்னொரு வழி, நிறுத்தி வைப்பது. அது நாம் விரும்பித் தேர்ந்தெடுப்பதாக எப்போதும் இருப்பதில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் இறந்த 94 குழந்தைகளின் படங்களை ஒவ்வொரு ஜூலையிலும் பெற்றோர்கள் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். பெற்றோருக்கு வயசாகிக்கொண்டே போகிறது, படத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆவதில்லை. இதற்கு மேல் இதை விளக்க வேண்டியதில்லை.

போனவரை உருவமாக வைத்துக்கொள்ளும் ஆசை கேமராவோடு வந்ததும் இல்லை. குத்தாலம் பக்கத்தில் கோனேரிராஜபுரம் கோயிலில், சோழ மன்னர் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பம் ஒன்று இருக்கிறது. அவர் இறந்த பிறகு மனைவி செம்பியன் மாதேவி அவர் பெயரால் கற்றளி, அதாவது கற்கோயில், எடுத்து அங்கே வைத்தது, கீழே எழுத்தும் இருக்கிறது. உருவமும் பெயரும் சேர்ந்தே. நம் ஆல்பத்துக்கு நல்ல முன்மாதிரி!

ஆல்பத்தில் இல்லாதவர்கள்

இதைச் சொல்லாமல் இந்த விளக்கம் முழுமையாகாது. டெல்டாவில் மிராசுதார் வீடுகளில் தோல் அட்டை போட்ட ஆல்பங்கள் உண்டு. கூரைவீடுகளில் கிடையாது. நடவு நட்டவர்கள், களம் அடித்தவர்கள், சமையல்கட்டில் இருந்தவர்கள், அந்த ஆல்பங்களில் வந்தால் ஓரத்தில் வருவார்கள், பாதி வெட்டுப்பட்டு, குடை பிடித்துக்கொண்டு, அல்லது மங்கலாக. பலருக்கு முதல் போட்டோவே அரசாங்க அட்டைக்கு எடுத்ததுதான், வரிசையில் நிற்கவைத்து, "தலையைத் தூக்கு, அடுத்த ஆள்" என்று. எனவே பழைய படம் கையில் வந்தால் நடுவில் இருப்பவரைப் பார்த்த பிறகு ஓரங்களைப் பாருங்கள். யார் இல்லை என்று கேளுங்கள். எடுத்தது யார் என்றும் கேளுங்கள், ஏனென்றால் பல வீடுகளில் ஒரு மாமாவோ அக்காவோ எல்லாப் படத்தையும் எடுத்து எந்தப் படத்திலும் இல்லாமல் போயிருப்பார்.

படங்கள் இருந்து தொலைந்தவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீட்டோடு டிரங்குப் பெட்டியும் அதிலிருந்த படங்களும் போயின. ஆள் போய், ஆளின் முகமும் போவது இரண்டாவது சாவு. அப்படிப்பட்ட வீடுகளுக்கு, தூரத்து உறவினரின் கல்யாண ஆல்பத்தில் மூலையில் நிற்கும் ஒரு படம் கிடைத்தால் அது சொத்து. உங்கள் வீட்டு ஆல்பம் உங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

எப்படித் தொடங்குவது

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆல்பம் முழுவதையும் இல்லை. வீட்டில் வயசான ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனில் குரல் பதிவை ஓடவிடுங்கள். "இது யாரு" என்று ஆரம்பித்தால் பெயர் மட்டும்தான் வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். "ஆச்சி, இந்தப் படம் எடுத்த அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க, எப்படிப் போனீங்க, யாரு வரல?" என்று கேளுங்கள். யார் வரவில்லை என்ற கேள்விக்குத்தான் பெரிய கதைகள் வரும், பங்காளிச் சண்டை எல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு கதை வரும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எடுக்க வேண்டும் என்றால் உங்கள் தெருவுக்குப் பக்கத்துப் படித்துறையிலிருந்தே தொடங்கலாம். வைகாசியில் ஆறு மணல்வெளி, பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் சில நாளில் தண்ணீர் கல்லணை தாண்டி வந்துவிடும், ஆடிப்பெருக்குக்கு அதே படியில் காதோலை கருகமணி மிதக்கும். ஒரே படி, ஒரே உயரம், ஒரே கோணம், மாசத்துக்கு ஒரு படம். சூரிய அஸ்தமனத்துக்காகக் காத்திருக்காதீர்கள், அது எல்லோரிடமும் இருக்கிறது. படியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தப் படி உடைந்தது, எந்த வருஷம் தண்ணீர் வரவே இல்லை என்பதெல்லாம் கொஞ்ச காலம் கழித்துத்தான் படத்தில் தெரிய ஆரம்பிக்கும். வீட்டுக்குள் என்றால் ஆட்களை விட்டுவிட்டு இடத்தை எடுங்கள். அப்பா சைக்கிள் சாத்திச் சாத்திக் காரை பெயர்ந்த சுவர், அம்மா கை வைத்து வைத்து எண்ணெய் ஏறிய நிலைப்படி, காலி பத்தாயம். சிரித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் படங்களை எல்லா வீட்டிலும் எடுக்கிறார்கள், அடுப்பங்கரையை யாரும் எடுப்பதில்லை. இருபது வருஷம் கழித்து முதலில் தேடப்போவது அதைத்தான்.

பழைய முகத்தைக் கண் சிமிட்ட வைக்கிற, சிரிக்க வைக்கிற செயலிகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. விளையாட்டாகப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு உங்கள் தாத்தாவின் மேல் பட்ட வெளிச்சத்திலிருந்து வந்தது இல்லை, யார் யாரோ சிரித்ததின் சராசரி. பலூன் சோதனையை மனசில் வைத்துக்கொண்டு, அதைக் குழந்தைகளுக்குக் காட்டுவதற்கு முன்னால் அசல் படத்தைக் காட்டிவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயம் கடைசியாக, சுருக்கமாக. பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் பெயர், ஊர், தெரிந்தால் வருஷம். பசை தடவிய பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பத்தில் இருப்பவற்றை முதலில் அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, வருகிறவற்றை மட்டும் மெதுவாக எடுங்கள், ஒட்டிக்கொண்டதை இழுத்தால் கிழியும். ஐப்பசி மழையில் நம்ம பக்கத்து ஈரத்துக்குப் பூஞ்சை பிடிப்பது நிச்சயம், அதனால் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள், பீரோவில் என்றால் கீழ்த்தட்டு வேண்டாம். வெயில் படுகிற கலர் படம் வெளுத்துப்போகும், நகல் ஒன்றை மாட்டிவிட்டு அசலை இருட்டில் வையுங்கள். போனில் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் வருஷத்துக்கு ஒரு பத்தைத் தேர்ந்தெடுத்துப் பிரின்ட் போட்டால் போதும், அதில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு படம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சட்டை அவர்களுடையதாகவே இருக்கட்டும்.